வடசென்னையின் சிறு பாய்ப்படகுகள்

வடசென்னையின் சிறு பாய்ப்படகுகள் என்பவை ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு ஏரி வரை விரிந்த நீர்ப்பரப்புகளில் காற்றின் விசையால் ஓடிய சிறு கலங்கள். கடல் முகப்பில் கட்டுமரமும், ஏரியிலும் கால்வாயிலும் பலகைப் படகுகளும், சென்னைத் துறைமுகத்தின் சுவர்களுக்குள் பொழுதுபோக்குக்கான ஐரோப்பிய வகைப் பாய்ப்படகுகளும் இங்கே வெவ்வேறு காலங்களில் புழங்கின. மூன்றும் ஒரே காற்றை நம்பியவை. ஆனால் மூன்றின் உடைமையாளர்களும் வேறு, தேவைகளும் வேறு. துறைமுகம், அனல்மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சரக்குக் கிடங்குகள் ஆகியவற்றால் இன்று அறியப்படும் இந்தப் பகுதியின் பழைய வாழ்க்கையை அறிய இப்படகுகளின் வரலாறு உதவுகிறது.

நீர்ப்பரப்பின் அமைப்பு

சென்னைக்கு வடக்கே கடற்கரைக்கு இணையாக நீண்ட ஓர் உள்நீர்த் தொடர் உள்ளது. பழவேற்காடு ஏரி அதன் வடமுனை. இது ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியும் இதில் கலக்கின்றன. தெற்கே கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலை அடைகிறது. பழவேற்காட்டையும் எண்ணூரையும் உப்பங்கழிகளும், பின்னாளில் பக்கிங்காம் கால்வாயும் இணைத்தன.

இந்த நீர்ப்பரப்பின் முக்கியமான இயல்பு அதன் ஆழமின்மை. பழவேற்காடு ஏரியின் பல இடங்களில் ஒரு மனிதன் இடுப்பளவு நீரில் நடந்து செல்லலாம். மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து முகத்துவாரம் திறக்கும். கோடையில் மணல்மேடு எழுந்து அது குறுகும், சில ஆண்டுகளில் அடைபட்டும் போகும். எனவே இங்கே ஓடும் கலம் குறைந்த நீரில் மிதக்க வேண்டும், தரை தட்டினாலும் உடையாதிருக்க வேண்டும், காற்று இல்லாதபோது கழியால் தள்ளிச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஏரிப்படகுகளின் தட்டையான அடிப்பாகம் இந்தத் தேவைகளிலிருந்து பிறந்தது.

காற்றின் நிலை இதற்குச் சாதகமாக இருந்தது. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய தரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து கரைநோக்கி வரும். கட்டுமரங்கள் முதல் காற்றில் கடலுக்குச் சென்று இரண்டாம் காற்றில் திரும்பின. வடகிழக்குப் பருவத்தில் வாடை வலுக்கும்போது கடல் தொழில் பல நாட்கள் நின்றுபோகும். அந்நாட்களில் அலையற்ற ஏரியும் கழிமுகமும் கடற்கரை மக்களுக்கு மாற்றுத் தொழிலிடமாக இருந்தன.

கட்டுமரம்

சோழமண்டலக் கடற்கரையில் சிறு பாய்க்கலம் என்றால் முதலில் குறிப்பிட வேண்டியது கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, அணியத்தில் குறுகி மேல்நோக்கி வளையுமாறு அமைத்து, கயிற்றால் பிணைத்து இது உருவாக்கப்படுகிறது. இதில் ஆணி கிடையாது. அலை மேலே புரண்டாலும் நீர் தேங்க இடமில்லாததால் மூழ்குவதில்லை. கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். மூன்று நான்கு மரங்கள் கொண்ட சிறிய கட்டுமரத்தை ஒருவரோ இருவரோ செலுத்துவர். பெரியதில் நான்கைந்து பேர் செல்வர்.

கட்டுமரத்தின் பாய் முக்கோண வடிவம் கொண்டது. குட்டையான பாய்மரமும் அதன்மேல் சாய்ந்து நிற்கும் நீண்ட பருமலும் பாயைத் தாங்குகின்றன. பின்முனையில் ஒருவர் பெரிய துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துத் திசை காட்டுவார். காற்று பக்கவாட்டில் வீசும்போது கலம் காற்றின் போக்கில் சரிந்துவிடாமல் இருக்க ஒரு பலகை நீருக்குள் இறக்கப்படும். இந்தப் பலகையின் பயன் எளிமையானது. பாயின்மீது விழும் காற்று கலத்தை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. நீருக்குள் நிற்கும் பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதால் மிஞ்சும் விசை கலத்தை முன்னே கொண்டு செல்கிறது. பலகை இல்லாத தட்டையடிக் கலம் காற்று போகும் திசையிலேயே பெரும்பாலும் செல்ல முடியும். பலகை கொண்டது காற்றுக்குக் குறுக்காகவும், வளைந்து வளைந்து காற்றின் எதிர்த்திசையிலும் முன்னேற முடியும். இன்றைய பந்தயப் பாய்ப்படகுகளின் நடுவே இறக்கப்படும் பலகையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஐரோப்பியப் பயணிகள் இக்கலத்தை வியப்புடன் பதிவு செய்தனர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தமது பயண நூலில் இதைக் குறிப்பிட்டார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரிஸ் 1840-களில் வெளியிட்ட, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கலங்கள் பற்றிய நூலில் சோழமண்டலக் கடற்கரைக் கலங்களின் வரைபடங்களும் இடம்பெற்றன. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்து 1920-ல் எழுதிய ஆய்வில் கட்டுமரத்தின் வட்டார வேறுபாடுகளை விரிவாக விளக்கினார்.

'கட்டுமரம்' என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. இன்று உலகெங்கும் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கிறது. தமிழகக் கட்டுமரமோ இரட்டை உடல் கொண்டதல்ல, ஒரே தொகுப்பாகக் கட்டப்பட்ட மிதவை. இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் 1876-ல் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை விஞ்சினார். அவ்வகைப் படகுகளுக்குத் தமிழ்ப்பெயர் நிலைத்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்றது பெயர் மட்டுமே, வடிவம் அல்ல.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கட்டுமரம் மீன்பிடிக் கலமாக மட்டும் இருக்கவில்லை. கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டு சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். நீர் புகாத தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அலைகளைத் தாண்டிச் சென்றனர். பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய இந்தப் படகு அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுத்ததால் உடையவில்லை. அது தண்டு வலித்துச் செலுத்தப்பட்டது. அலை உடையும் அந்தக் குறுகிய தூரத்தில் பாய்க்கு வேலை இல்லை.

பழவேற்காட்டு ஏரிப்படகுகள்

பழவேற்காடு பழைய துறைமுக ஊர். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் முதன்மை நிலையம் இதுவே. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டன. துணிப் பொதிகள் ஆழமற்ற முகத்துவாரத்தின் வழியே சிறுபடகுகளில் சென்றன. பழவேற்காட்டின் வணிகம் அதன் துணியை நம்பியிருந்த அளவுக்கு அந்தச் சிறுபடகுகளையும் நம்பியிருந்தது.

வணிகம் போன பின்னரும் ஏரிப்படகுகள் தொடர்ந்தன. தட்டையான அடியும் தாழ்ந்த பக்கங்களும் கொண்ட இந்தப் பலகைப் படகுகளில் ஒற்றைப் பாய்மரம் இருந்தது. காற்று உதவும்போது பாய் விரிக்கப்பட்டது, உதவாதபோது மூங்கில் கழி ஊன்றப்பட்டது. பாய்மரத்தை எளிதில் கழற்றிப் படகுக்குள் படுக்க வைக்க முடிந்தது. வலை விரிக்கும் நேரத்தில் அது தேவையும் ஆனது. மீன்பிடிப்புடன், ஏரிக்குள் உள்ள தீவுகளுக்கும் மேற்குக் கரை ஊர்களுக்கும் ஆட்களையும் விறகையும் தானியத்தையும் கொண்டு செல்லவும் இவை பயன்பட்டன. ஆந்திரப் பகுதியில் உள்ள இருக்கம் தீவு போன்ற இடங்களின் வெளியுலகத் தொடர்பே படகுதான்.

ஏரியில் மீன்பிடி உரிமை படகு வைத்திருப்பதால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. பழவேற்காட்டு மீனவர்கள் 'பாடு' என்னும் முறையைப் பின்பற்றுகின்றனர். முகத்துவாரத்தை ஒட்டிய வளமான மீன்பிடி இடங்கள் உரிமையுள்ள கிராமங்களுக்கிடையிலும், ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் உள்ள குடும்பங்களுக்கிடையிலும் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. இன்று இந்த இடத்தில் வலை விரிப்பவர் அடுத்த முறை வேறிடம் செல்வார். படகும் வலையும் ஒருவரின் தனிச்சொத்து, நீரோ அனைவருக்கும் பொதுவானது என்ற தெளிவு இந்த ஏற்பாட்டின் அடிப்படை. நல்ல இடத்தைப் பிடிக்க வேகமான கலம் வேண்டும் என்ற நிலை இதனால் ஏற்படவில்லை. பாயும் கழியும் நீண்ட காலம் போதுமானவையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கொக்ரேன் கால்வாய்

எண்ணூரையும் சென்னையையும் படகுவழியாக இணைத்தவர் பாசில் கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர். அவருடைய முதலீட்டிலும் மேற்பார்வையிலும் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளக் கால்வாய் 1806-ல் முடிந்தது. தொடக்கத்தில் அவர் பெயராலேயே கொக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீட்டிக்கப்பட்டது. 1837-ல் அரசு இதை எடுத்துக்கொண்டு வடக்கே கிருஷ்ணா பகுதிக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் கொண்டு சென்றது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-ல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பஞ்சத்தில் வாடியவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் ஆளுநரின் பெயரைப் பெற்றது.

இக்கால்வாயில் ஓடிய படகுகள் நீண்டவை, தட்டை அடியும் வளைந்த கூரையும் கொண்டவை. காற்று உதவிய இடத்தில் பாய் விரித்தனர். மற்ற இடங்களில் படகின் ஓரத்தில் நடந்தபடி கழி ஊன்றினர். கரை உறுதியாக இருந்த பகுதிகளில் ஆட்கள் தோளில் கயிறு கட்டி இழுத்தனர். கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்தில் பாய்க்கு முழு வேலை கிடைத்தது. எண்ணூர், அத்திப்பட்டு பகுதி உப்பளங்களின் உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், சவுக்கு விறகு, நெல், காய்கறி ஆகியவை இப்படகுகளில் சென்னைக்கு வந்தன. இன்று பேசின் பிரிட்ஜ், சால்ட் கோட்டர்ஸ் என்று ரயில் பயணிகள் அறியும் பெயர்கள் படகுத்துறையையும் உப்புக் கிடங்கையும் நினைவூட்டுபவை.

கால்வாய்ப் படகு வைத்திருப்பது அரசின் கணக்குக்குள் வருவதாக இருந்தது. 1890-ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள் மற்றும் பொது ஓடத்துறைகள் சட்டம் படகுகளுக்கு உரிமம் வழங்கவும் சுங்கம் வசூலிக்கவும் வழிசெய்தது. கடற்கரைக் கட்டுமரக்காரரின் தொழிலை ஊர்க் கட்டுப்பாடு நெறிப்படுத்தியது. கால்வாய்ப் படகுக்காரரோ பொதுப்பணித் துறையின் மதகடியில் நின்று பணம் செலுத்தினார்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு நோக்கிய ரயில் பாதை வந்தபின் நெடுந்தூரச் சரக்கு கால்வாயை விட்டு விலகியது. ஆனாலும் எடை மிகுந்த, விலை குறைந்த பொருட்களுக்குப் படகே மலிவாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உப்பும் விறகும் படகில் வந்தன. 1960-களின் புயல் சேதமும், சாலைப் போக்குவரத்தும், நகரக் கழிவுநீரும் அந்தப் பயணத்தை முடித்துவைத்தன.

துறைமுகச் சுவரும் யாட் கிளப்பும்

சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கிழக்கு நோக்கிய வாயிலுடன் இரு சுவர்கள் கடலுக்குள் எழுப்பப்பட்டன. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட பிறகும் கிழக்கு வாயில் வழியே அலையும் மணலும் நுழைந்தன. 1904-ல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், வாயிலை வடகிழக்குக்கு மாற்றி உட்பகுதியை அமைதியான நீர்ப்பரப்பாக ஆக்கினார். கணிதமேதை ராமானுஜன் 1912-ல் எழுத்தராகச் சேர்ந்தது இதே ஸ்பிரிங் தலைமையிலான அலுவலகத்தில்தான். ராமானுஜனின் இங்கிலாந்துப் பயணத்துக்கு உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர்.

1911-ல் ஸ்பிரிங் சென்னையில் பாய்ப்படகுச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத்துக்குள் அது இயங்கும் பகுதி ஸ்பிரிங்ஹேவன் என அவர் பெயராலேயே அறியப்படுகிறது. வணிகத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளுக்கும் கப்பல்களுக்கும் அருகிலேயே சிறு பாய்ப்படகுகள் நிறுத்தப்பட்டன. வெள்ளைய அதிகாரிகளும் வணிக நிறுவனத்தாரும் மாலைக் கடற்காற்றில் பாய் விரித்தனர். வேலை முடிந்தபின் பொழுதுபோக்காகப் பாய்ப்படகு செலுத்துவது என்பது இக்கரையின் தொழில் மரபிலிருந்து வேறுபட்ட ஒன்று. கட்டுமரக்காரருக்குப் பாய் என்பது அன்றைய உணவு. கிளப் உறுப்பினருக்கு அது அன்றைய ஓய்வு.

பாய்ப்படகுக்கு அமைதியான நீரைத் தந்த அதே சுவர் கட்டுமரத்துக்குக் கரையை இல்லாமல் ஆக்கியது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்தின் தென்சுவர் அம்மணலைத் தடுத்து நிறுத்தியது. சுவருக்குத் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. கட்டுமரத்தை அலையிலிருந்து இழுத்துக் கரையேற்றவும், வலை உலர்த்தவும் அகன்ற மணல்வெளி தேவை. அந்த மணல் போன இடங்களில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல்மேட்டின்மீது கட்டுமரம் கரையேற முடியாது. பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் தொழில் செய்த குப்பங்கள் உள்ளே தள்ளிப் போயின.

உடைமையும் பராமரிப்பும்

கட்டுமரத்தின் விலை மற்றக் கலங்களைவிடக் குறைவு என்றாலும் அது தொடர்ந்து உழைப்பைக் கேட்கும் உடைமை. மரம் நீரை உறிஞ்சிக் கனக்கும். எனவே கரை சேர்ந்ததும் கயிறுகளை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவிடுவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். சில ஆண்டுகளில் மரங்களை மாற்ற வேண்டும். பலகைப் படகில் இணைப்புகளைப் பஞ்சும் நாரும் கொண்டு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசினர். தைத்த படகுகளின் கயிற்றுத் தையலை அவ்வப்போது பிரித்து மீண்டும் தைத்தனர். பாய் கிழிந்தால் ஒட்டுப்போடுவதும், கயிறு திரிப்பதும் கடலுக்குப் போக முடியாத நாட்களின் வேலைகள்.

பிடிபட்ட மீனின் வருமானத்தில் செலவு போக மீதி பங்குகளாகப் பிரியும். உழைத்தவர்களுக்குப் பங்கு உண்டு, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. படகுக்கான பங்கை உரிமையாளர் பெறுவார். பழுதும் இழப்பும் அவருடையவை. பாயில் ஓடிய காலத்தில் எரிபொருள் என்ற செலவு இல்லை. மீன் கிடைக்காத நாளில் உழைப்பு வீணாகும், கடன் ஏறாது. இயந்திரம் வந்தபின் இந்தக் கணக்கு மாறியது. வெறுங்கையுடன் திரும்பினாலும் எண்ணெய்க்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் படகு உரிமையாளர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குபவராகவும் ஆனார்.

கிளப் படகுகளின் பராமரிப்பு வேறு வகை. மரப்பலகையிலும் ஒட்டுப்பலகையிலும் செய்த படகுகளுக்கு ஆண்டுதோறும் சுரண்டி மெருகெண்ணெய் பூச வேண்டும். சென்னையின் வெயிலும் உப்பும் மெருகை விரைவில் உரிக்கும். கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அந்த உழைப்பு குறைந்தது.

பாய் இறங்கிய காலம்

தமிழகக் கரையில் 1960-கள் முதல் இயந்திர விசைப்படகுகள் பெருகின. விசைப்படகுகளுக்காக ராயபுரத்தை ஒட்டிக் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கப்பட்டு 1984-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இழுத்தேற்றக்கூடிய புதுவகைச் சிறுபடகுகளைச் சோதித்தது. 1980-களிலும் 1990-களிலும் கட்டுமரங்களில் சிறு இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட கலங்களில் பெரும்பாலானவை இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள். மரக் கட்டுமரமும் பாயும் அதன்பின் வெகு வேகமாகக் குறைந்தன. இழந்தது கட்டுமரமாக இருந்தாலும் பல இடங்களில் ஈடாக வந்தது இயந்திரப் படகு.

இந்த மாற்றத்தை வீழ்ச்சியாக மட்டும் பார்ப்பது பொருந்தாது. இயந்திரம் மீனவரின் உயிராபத்தைக் குறைத்தது, புயல் அறிகுறி தெரிந்தவுடன் கரை திரும்ப உதவியது, துடுப்பு வலித்த தோள்களுக்கு ஓய்வு தந்தது. பாயைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கடலோடிகள் பொதுவாகக் கோருவதில்லை. அவர்கள் கோருவது கலம் ஓடக்கூடிய நீரை.

எண்ணூர்க் கழிமுகத்தில் அந்த நீரே குறைந்துவருகிறது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபின் கொசஸ்தலை ஆற்றின் நன்னீர் வரத்து கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லும் வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களிலும் இயங்கத் தொடங்கின. நிலக்கரிச் சாம்பலை நீரில் கலந்து கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவு கழிமுகத்திலும் கிளைக்கால்வாய்களிலும் படிந்தது. 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் 2014-ல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அருகே காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது. சாலைகளும் கிடங்குகளும் உப்பங்கழியின் பகுதிகளை மேடாக்கின. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் ஆற்றின் ஆழம் குறைந்துவிட்டது என்று பலமுறை போராடியுள்ளனர். சாம்பல் பிரச்சினை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2017 ஜனவரியில் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் மூடியது.

பாய்ப்படகு விளையாட்டு

துறைமுகத்துக்குள் தொடங்கிய பொழுதுபோக்கு, விடுதலைக்குப் பின் இந்தியர்களின் கைக்கு வந்து போட்டி விளையாட்டாக வளர்ந்தது. இதில் சிறுவர்களுக்கான 'ஆப்டிமிஸ்ட்' படகுக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் 1947-ல் குறைந்த செலவில் செய்வதற்காக வடிவமைத்த இந்தப் படகு ஒரு பெட்டியைப் போன்றது. ஒரே பாய், ஒரே பயணி, நடுவே இறக்கும் பலகை. கற்றுத் தேர்ந்தவர்கள் பின்னர் 'லேசர்' போன்ற படகுகளுக்கு மாறுகின்றனர். தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் யாட் கிளப்பும் சென்னையில் பயிற்சியும் போட்டிகளும் நடத்துகின்றன.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிப் போட்டியின் மூலம் டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பெற்றார். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அதே ஒலிம்பிக்கில் சென்னை வீரர்கள் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் இருவர் செலுத்தும் பிரிவில் பங்கேற்றனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நேத்ரா கலந்துகொண்டார். காற்றின் மாற்றத்தை நீரின் மேற்பரப்பில் கண்டு பாயைத் திருப்பும் திறன் இவ்விளையாட்டின் அடிப்படை. சில மைல் தொலைவில் உள்ள குப்பங்களில் அத்திறன் பல தலைமுறைகளாகப் பிழைப்பின் பகுதியாக இருந்தது. ஆனால் இவ்விரு மரபுகளும் துறைமுகச் சுவரின் இரு பக்கங்களிலேயே வளர்ந்தன.

இன்றைய நிலை

ராயபுரம், திருவொற்றியூர் கடற்கரைகளில் பாய் விரித்த கட்டுமரம் இன்று அரிது. பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதி கழிவுநீர் வழியாகவும், பறக்கும் ரயில் பாதையின் தூண்களுக்கான இடமாகவும் மாறிவிட்டது. 2008-ல் கால்வாயை உள்ளடக்கிய வழித்தடம் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டபோதும் சென்னைக்குப் படகுப் போக்குவரத்து திரும்பவில்லை. பழவேற்காட்டில் மட்டும் காற்று நன்றாக உள்ள நாட்களில் ஏரிப்படகுகளில் சில இன்னும் பாய் விரிக்கின்றன. அங்கே ஆழம் குறைவாக இருப்பதும், எரிபொருள் செலவில்லாததும் பாயைக் காப்பாற்றிவைத்துள்ளன.

கலங்களோடு அவற்றைச் சார்ந்த சொற்களும் பயன்பாட்டிலிருந்து நழுவுகின்றன. அணியம், பருமல், தாமான், சுக்கான் போன்ற சொற்களில் சில இயந்திரப் படகிலும் தொடர்கின்றன. பாயைச் சார்ந்தவை முதியவர்களின் பேச்சில் எஞ்சியுள்ளன. வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றின் பெயர்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம், இயந்திரப் படகு வைத்திருப்பவரும் வலை விரிக்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டியிருப்பதே.

வடசென்னையின் பாய்ப்படகு வரலாற்றில் ஒவ்வொரு மாற்றத்தையும் தீர்மானித்தது கலத்தின் நுட்பத்தைவிட நீரின் நிலை. துறைமுகச் சுவர் மணலின் போக்கை மாற்றியது, கரை போனதும் கட்டுமரத்துக்கு இடமில்லாமல் போனது. நகரம் கால்வாயில் கழிவைவிட்டது, கூரைப்படகுகள் நின்றன. கழிமுகத்தில் சாம்பல் படிந்தது, ஏரித்தொழில் சுருங்கியது. பழவேற்காட்டு முகத்துவாரம் திறந்திருக்கும்வரை, கொசஸ்தலைக்கும் ஏரிக்கும் இடையிலான உப்பங்கழி நீராகவே இருக்கும்வரை, பாயில் ஓடினாலும் இயந்திரத்தில் ஓடினாலும் சிறுபடகுக்கு இப்பகுதியில் இடம் உண்டு. எண்ணூர் மீனவர்களின் இன்றைய கோரிக்கைகளில் ஆற்றைத் தூர்வாருதலும் சாம்பலை அகற்றுதலும் முதலிடம் பெறுவது இதனால்தான்.